வாலிபர்களைச் சபைக்கு அழைக்க இணைய விளம்பரம்: பணம் கடைசியில்தான்

"20 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் எங்கள் சபையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பேஸ்புக் பக்கம் இருக்கிறது, ஞாயிறு ஆராதனையை நேரலையில் விடுகிறோம், வாரம் ஒரு வசன போஸ்டர் போடுகிறோம். விளம்பரத்துக்குக் கமிட்டி கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எதில் போட்டால் ஆள் வரும்?" கேள்வி இதுதான். எந்தத் தளம் என்பது இதில் ஆகச் சிறிய பகுதி. உங்களை அறியாத ஒருவர் கைப்பேசியில் உங்கள் சபையின் பெயரைப் பார்க்கிறார். அங்கிருந்து ஒரு ஞாயிறன்று வந்து உட்கார்ந்து, அடுத்த வாரமும் வருவது வரை எத்தனை படிகள், எந்தப் படியில் ஆள் நழுவுகிறார் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். என் கணிப்பில், பெரும்பாலான சபைகளில் ஆள் நழுவுவது விளம்பரத்தைப் பார்த்து விசாரித்த பிறகுதான். கேட்டவருக்குப் பதில் போவதில்லை. போனாலும் மூன்று நாள் கழித்துப் போகிறது.

முதலில் 'வாலிபர்கள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். உங்கள் சபையிலேயே வளர்ந்து, வருவதை விட்டுவிட்டவர்கள் ஒரு வகை. படிப்புக்கோ வேலைக்கோ உங்கள் பகுதிக்குப் புதிதாக வந்து சபை தேடுகிறவர்கள் இன்னொரு வகை. சபைப் பழக்கமே இல்லாதவர்கள் மூன்றாவது. முதல் வகைக்கு விளம்பரம் வீண். அவர்களுடைய எண் ஏற்கெனவே உங்கள் சபையில் யாரிடமோ இருக்கிறது, தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டுப் பேசினால்தான் உண்டு. இரண்டாம் வகை தானே தேடிக்கொண்டிருக்கிறது; தேடும்போது கண்ணில் பட்டால் போதும். வீடியோவும் விளம்பரமும் மூன்றாம் வகைக்குத்தான், அதிலும் பலன் மெதுவாகவே தெரியும். பலரும் மூன்றாம் வகையிலேயே தொடங்கி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இரண்டாம் வகையைக் கோட்டைவிடுகிறார்கள்.

தேடி வருகிறவருக்காகச் செய்ய வேண்டிய முதல் வேலை கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான். கூகுள் மேப்பில் உங்கள் சபையைத் தேடினால் வருகிற பெட்டி அது, கட்டணம் கிடையாது. பெரும்பாலும் யாரோ ஒருவர் எப்போதோ தொடங்கிவைத்த பதிவு ஒன்று இருக்கும். அவர் சபையை விட்டுப் போயிருப்பார், கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும். அதற்காகப் புதிதாக இன்னொரு பதிவு தொடங்காதீர்கள். இரண்டு பதிவுகள் இருந்தால் விமர்சனங்கள் இரண்டாகப் பிரியும், பழைய நேரத்தைப் பார்த்து வருகிறவர் பூட்டிய கதவின் முன் நிற்பார். பழைய பதிவிலேயே உரிமை கோரும் இணைப்பு இருக்கிறது. அதில் விண்ணப்பித்தால் தொலைபேசி வழியாகவோ, கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் எடுத்து அனுப்பும் வீடியோ வழியாகவோ சரிபார்ப்பார்கள். தனி நபரின் மின்னஞ்சலில் செய்யாமல் சபையின் பெயரில் ஒரு கணக்கு வைத்து, இரண்டு பேரை நிர்வாகிகளாகச் சேர்த்து, இருபடிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

பதிவு கையில் வந்ததும் கவனிக்க வேண்டியவை சில. மேப்பில் குத்தியிருக்கும் புள்ளி பிரதான வாசலில் இருக்கிறதா, பின்பக்கத் தெருவில் இருக்கிறதா என்று கைப்பேசியில் வழிகேட்டு நடந்து பாருங்கள். நேரங்களில் அலுவலக நேரத்தைப் போட்டுவிட்டு ஆராதனை நேரத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர் ஆகிய நாட்களுக்குச் சிறப்பு நேரம் என்று தனிப் பகுதி உண்டு. புதியவர்கள் அதிகம் தேடுவது அந்த நாட்களில்தான் என்பதால் இரண்டு வாரம் முன்பே நிரப்பிவிடுங்கள். படங்களில் காலிக் கட்டடம் மட்டும் இருக்கக் கூடாது. உள்ளே எப்படி உட்கார்கிறார்கள், தன் வயதுக்காரர்கள் இருக்கிறார்களா என்பதைத்தான் 24 வயதுக்காரர் படத்தில் தேடுவார். படத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். சபையார் எல்லோரையும் ஒரே ஞாயிறில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி அறிவிக்க வேண்டாம். ஒரே நாளில் குவியும் விமர்சனங்களைக் கூகுளின் வடிகட்டி சந்தேகப்பட்டு நீக்கக்கூடும்.

அடுத்தது இணையதளம். ஒரே ஒரு பக்கம் போதும், ஆனால் அது 'முதல் முறை வருகிறீர்களா?' என்ற பக்கமாக இருக்க வேண்டும். பேஸ்புக் பக்கம் இதற்கு ஈடாகாது. கணக்கு இல்லாதவரைச் சற்று நேரத்தில் உள்நுழையச் சொல்லிக் கதவை அடைத்துவிடும். சபைகளின் தளங்களில் பொதுவாகச் சபை வரலாறு, நோக்க வாசகம், போதகர் படம் எல்லாம் இருக்கும். வருகிறவருக்கு இருக்கிற பயமே வேறு: எத்தனை மணிக்கு விடுவார்கள், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வார்களா, காணிக்கை போடாவிட்டால் பார்ப்பார்களா, திருவிருந்துக்கு நான் போகலாமா. அதற்குப் பதில் இப்படி இருக்கட்டும்: "ஆராதனை ஞாயிறு காலை 9 மணிக்குத் தொடங்கும், 10.30க்கு முடியும். பிரதான வாசலில் நீல அட்டை மாட்டிய இருவர் நிற்பார்கள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வதில்லை. காணிக்கைப் பை வந்தால் அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பாடல் வரிகள் திரையில் வரும். முடிந்ததும் உடனே கிளம்பலாம். இருக்க விரும்பினால் பின்பக்க அறையில் டீ உண்டு." திருவிருந்தைப் பற்றி உங்கள் திருச்சபையின் ஒழுங்கு எதுவோ அதை மறைக்காமல் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். இதில் எழுதுவது உண்மையாகவும் இருக்க வேண்டும். புதியவர்களை எழுப்பி நிறுத்திக் கைதட்டும் வழக்கம் உங்களிடம் இருந்தால், பக்கத்தை எழுதுவதற்கு முன் மூப்பர்களிடம் அதைப் பேச வேண்டியிருக்கும். விளம்பரத்துக்கு ஒதுக்கிய முழுத் தொகையையும்விட அந்த ஒரு பேச்சு அதிகப் பலன் தரக்கூடும் என்பேன்.

தொழில்நுட்பமாக இந்தப் பக்கத்தில் இரண்டு தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, நேரத்தையும் முகவரியையும் போஸ்டர் படத்துக்குள் எழுதிவிட்டு, எழுத்தாக எங்கும் தராதது. தேடுபொறி படத்துக்குள் இருப்பதை நம்பகமாக எடுத்துக்கொள்ளாது. பார்க்கிறவராலும் முகவரியை நகலெடுக்க முடியாது. மற்றொன்று, கேமராவில் எடுத்த 6 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவது. அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, ஒரு படம் 200 கேபிக்குள் வருமாறு சுருக்குங்கள். முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுள் தரும் அளவுகோல்.

இப்போது வீடியோ. ஞாயிறு நேரலையை நிறுத்தச் சொல்லவில்லை. உடல்நலமில்லாதவர்களுக்கும் வெளியூரில் இருப்பவர்களுக்கும் அது தேவை. ஆனால் ஒன்றரை மணி நேர நேரலை புதியவரை ஈர்ப்பதற்கான கருவி அல்ல. புதியவருக்குக் குறுவீடியோ. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. நீங்கள் 30 முதல் 60 வினாடிக்குள் நின்றுகொள்ளுங்கள். பிரசங்கத்தில் போதகர் ஒரு கேள்வியை எழுப்பி அதற்குப் பதில் சொல்லும் இடம் ஒன்றாவது இருக்கும். 'மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்க முடியவில்லை, அப்படியென்றால் நான் மன்னிக்கவில்லையா?' என்பது போன்ற இடம். வெட்டும்போது அந்தக் கேள்வியே முதல் சொல்லாக வர வேண்டும். சபையின் சின்னம் சுழல்வது, 'கர்த்தருக்குள் பிரியமானவர்களே' என்ற வாழ்த்து, சென்ற வாரத் தொடர்ச்சி எல்லாம் வெட்டுப்பட வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவில், எந்த வினாடி வரை எத்தனை பேர் தங்கிப் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். முதல் மூன்று நான்கு வினாடியிலேயே கோடு செங்குத்தாக விழுந்தால் தொடக்கம் சரியில்லை. நடுவில் ஓரிடத்தில் விழுந்தால், அந்த இடத்தில் போதகர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

படம் பிடிப்பதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். குறுவீடியோ செங்குத்தானது, 1080க்கு 1920 பிக்சல். நேரலைக் கேமரா கிடைமட்டமாக 1920க்கு 1080 எடுக்கிறது. அதிலிருந்து செங்குத்தாக வெட்டினால் அகலம் சுமார் 608 பிக்சல்தான் மிஞ்சும். அதை இழுத்துப் பெரிதாக்கும்போது முகம் மங்கிவிடும். 4கே-யில் (அகலமும் உயரமும் இதைப் போல இரு மடங்கு) பதிவு செய்தால் வெட்டிய பிறகும் 1215 பிக்சல் அகலம் கிடைக்கும். 4கே கேமரா இல்லையென்றால், ஒரு கைப்பேசியைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி, மேடைக்கு மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒலியைக் கைப்பேசி மைக்கில் எடுக்காதீர்கள். மிக்சரின் துணை வெளியீட்டிலிருந்து தனியாக எடுத்து, பிறகு படத்தோடு பொருத்துங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூட எதிரொலிக்கும் குரலைச் சகிக்க மாட்டார்கள். பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம் என்பதால் பேச்சைத் திரையில் காட்டும் எழுத்து (சப்டைட்டில்) கட்டாயம். தமிழுக்குத் தானாக வரும் எழுத்து வேதாகமப் பெயர்களில் தடுமாறும், ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். எழுத்தைத் திரையின் அடி விளிம்பில் வைக்காதீர்கள். செயலியின் பொத்தான்களும் தலைப்பும் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பாடல்களில் எச்சரிக்கை. ஆராதனையில் கூடிப் பாடுவதற்குப் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதே பாடலை இணையத்தில் ஒளிபரப்புவது அந்த விலக்குக்குள் பொதுவாக வராது. அதற்கு ஒளிபரப்பு உரிமம் தனியாக வேண்டும். சபைகளுக்குப் பாடல் உரிமம் வழங்கும் சிசிஎல்ஐ (CCLI) போன்ற அமைப்புகள் அதைத் தனி உரிமமாகவே விற்கின்றன. பிறருக்கு உரிமையான ஒலியைத் தானாகத் தேடும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோவே முடங்கலாம். இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்காக மாற்றியவர்களுக்குப் பிரபலப் பாடல்களின் முழு நூலகமும் கிடைக்காது. 'நேற்று வரை இருந்த பாட்டு இன்று காணோம்' என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். குறுவீடியோவுக்குப் பின்னணி இசையே வேண்டாம் என்பது என் கருத்து. பேச்சு நன்றாக இருந்தால் இசை அதைக் கெடுக்கத்தான் செய்யும்.

இவையெல்லாம் ஆன பிறகு விளம்பரம். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடிய விதிகள் சில இருக்கின்றன, தெரியாமல் போனால் கணக்கே முடங்கும். 2022 ஜனவரி 19 முதல், சமயப் பழக்கம் போன்ற அந்தரங்கமான தலைப்புகளை வைத்து ஆளைக் குறிவைக்கும் தேர்வுகளை, பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நீக்கிவிட்டது. பார்க்கிறவரின் மதத்தையோ மனநிலையையோ சுட்டிப் பேசும் வாசகமும் கூடாது. 'கிறிஸ்தவரா நீங்கள்? மனச்சோர்வில் இருக்கிறீர்களா?' என்று எழுதினால் நிராகரிப்பார்கள். 'ஞாயிறு மாலை 6 மணி. ஒரு மணி நேரம். பாடல், ஒரு சிறு செய்தி, பிறகு கேள்வி கேட்கலாம்' என்பதில் சிக்கல் இல்லை, படிக்கவும் இதுவே நன்றாக இருக்கிறது. கூகுளும் சமய நம்பிக்கையை வைத்துத் தனிப்பயன் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது இடமும் வயதும்தான். சபையைச் சுற்றி, ஞாயிறன்று அரை மணிக்குள் வந்து சேரக்கூடிய தூரத்தை வட்டமாகப் போடுங்கள். வயது 18க்குக் கீழ் வேண்டாம். மெட்டாவின் தானியங்கிப் பார்வையாளர் தேர்வு உங்கள் வயது வரம்பை வெறும் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளும். 35 என்று போட்டாலும் 60 வயதினருக்கும் காட்டும். அதை மாற்றிக் கைமுறைத் தேர்வுக்குப் போங்கள்.

பேஸ்புக் பதிவின் அடியில் இருக்கும், பணம் கொடுத்துப் பரப்பும் பூஸ்ட் பொத்தானை அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. பெரும்பாலும் அது விருப்பக்குறிகளைக் கொண்டுவரும் நோக்கத்தில் ஓடும். எதைப் பார்த்தாலும் லைக் போடுகிறவர்களை அந்த இயந்திரம் நன்றாகவே தேடிப் பிடித்துத் தரும். கணக்கில் 400 லைக் ஏறும், வாசலில் ஒருவரும் இருக்க மாட்டார். மெட்டாவின் விளம்பர மேலாளர் (Ads Manager) என்ற கருவிக்குள் போய், செய்தி அனுப்பச் செய்வதையோ முதல் வருகைப் பக்கத்தைத் திறக்கச் செய்வதையோ நோக்கமாகத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு முழுவதும் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்பதைவிட, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமசுக்கும் முந்தைய இரண்டு வாரங்களிலும், ஊருக்குப் புதியவர்கள் வரும் கல்வியாண்டுத் தொடக்கத்திலும் மொத்தமாகச் செலவழிப்பது நல்லது. சபையாரின் தொலைபேசிப் பட்டியலை விளம்பரத் தளத்தில் ஏற்றி 'இவர்களைப் போன்றவர்களைக் காட்டு' என்று கேட்கும் வசதி ஒன்று உண்டு. செய்யாதீர்கள். ஒருவர் இந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதே அவருடைய சமய நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி அதைத் தனிப் பாதுகாப்புள்ள தகவலாகவே வைத்திருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும், நம்பி எண் கொடுத்தவருக்கு அது துரோகம்தான்.

பணம் குறைவு என்றால் கூகுள் ஆட் கிரான்ட்ஸைப் பாருங்கள். தகுதி பெறும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மாதம் 10,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரம் இலவசமாகக் கிடைக்கும். தகுதி, உங்கள் நாட்டில் சபை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. படம், வீடியோ கிடையாது. தேடல் முடிவில் வரும் எழுத்து விளம்பரம் மட்டும். 'சபை' என்று ஒற்றைச் சொல்லை வைத்து விளம்பரம் ஓட்ட முடியாது. காட்டப்பட்டதில் 5 சதவீதமாவது சொடுக்கப்பட வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் அதற்குக் கீழே போனால் கணக்கு நிறுத்தப்படலாம். முழுத் தொகையையும் செலவழிக்க முயன்று அகலமான சொற்களைச் சேர்ப்பவர்கள்தான் இந்த 5 சதவீதத்தில் மாட்டுகிறார்கள். உங்கள் பகுதியின் பெயரோடு சேர்ந்த தேடல்களை மட்டும் வைத்தால் தொகையில் ஒரு துளிதான் செலவாகும், அதுவே போதும்.

இனி, முதலில் சொன்ன அந்த நழுவும் இடம். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஒரு செய்தி வருகிறது: "ஹலோ, நாளைக்கு எத்தனை மணிக்கு?" பல சபைகள் அனுப்பும் பதில், ஒரு போஸ்டர், அதோடு "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக". கேட்டவர் அதோடு போய்விடுவார். இப்படி அனுப்பிப் பாருங்கள்: "வணக்கம், காலை 9 மணிக்கு. 10.30க்கு முடிந்துவிடும். நான் ஜான், வாசலில் நிற்பேன். தனியாக வருகிறீர்களா, நண்பர்களோடா?" ஒரு பெயர், ஒரு நேரம், எளிதாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி, அவ்வளவுதான். இதற்கு இரண்டு பேரை வாரம் மாற்றி வாரம் பொறுப்பாக வையுங்கள். சனி மாலை முதல் ஞாயிறு காலை வரை ஒரு மணிக்குள் பதில் போக வேண்டும். வந்து போனவருக்கு மறுநாள் ஒரே ஒரு செய்தி. பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதைப் போல ஆளை விரட்டும் வேலை வேறில்லை. அவர் எண் நூறு பேருக்குத் தெரிந்துவிடும், விடிந்தால் காலை வணக்கப் படங்கள் குவியும். அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் வைத்தால், பின்தொடர்கிறவர்களுக்கு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் பட்டியல் என்றால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். 'அனுப்பினோம், யாரும் பார்க்கவில்லை' என்பதற்குப் பாதிக் காரணம் இது.

இதே எண்ணுக்கு வேறு மாதிரிச் செய்திகளும் வரும். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதலாம். பதில் எழுதுகிற 22 வயது வாலிபரின் தலையில் அதைக் கட்டாதீர்கள். உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணும், உடனே கூப்பிட வேண்டிய பெரியவரின் எண்ணும் முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். 'ஜெபிக்கிறோம்' என்பதோடு நிறுத்தக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்று தெரிந்தால் தனி அரட்டை வேண்டாம். இரண்டு பெரியவர்கள் பார்க்கும் கணக்கில் மட்டும் பேசுங்கள்.

பலனை எப்படி அளப்பது என்பதில் உறுதியும் ஊகமும் கலந்தே இருக்கும். விளம்பரத்தில் தரும் இணைப்பில் யுடிஎம் குறியீடு (எந்த விளம்பரம் என்று காட்ட முகவரியின் முடிவில் ஒட்டும் சிறு அடையாளம்) சேர்த்தால், பக்கத்தைத் திறந்தவர் எங்கிருந்து வந்தார் என்பது ஓரளவு சரியாகத் தெரியும். அவரே வாசலுக்கு வந்தாரா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது, வரவேற்பில் நிற்பவர் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் எழுதத்தான் வேண்டும். மூன்று மாதத்தில் எட்டுப் பேர் வந்தார்கள், ஐவர் இன்ஸ்டாகிராம், மூவர் கூகுள் என்றால், இன்ஸ்டாகிராம்தான் சிறந்தது என்று கமிட்டியில் அறிவிக்காதீர்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் இருக்கலாம். நம்பிப் பார்க்கக்கூடிய ஒரே எண், இரண்டாம் முறை வந்தவர்களின் எண்ணிக்கை. எட்டுப் பேர் வந்து ஒருவரும் திரும்பி வரவில்லை என்றால் கோளாறு கட்டடத்துக்கு உள்ளே இருக்கிறது, அதை விளம்பரத்தால் சரிசெய்ய முடியாது. 2023 மே மாதம் வத்திக்கானின் தகவல் தொடர்புத் துறை சமூக ஊடகம் பற்றி வெளியிட்ட சிந்தனை ஏடு, நல்ல சமாரியன் உவமையைத்தான் மையமாக எடுத்துக்கொண்டது. எந்தத் திருச்சபையாக இருந்தாலும் படிக்கலாம்.

ஒரு விஷயம் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் உங்கள் சபையில் மிஞ்சியிருக்கும் அந்த நான்கைந்து வாலிபர்களாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று மூப்பர்களின் ஒப்புதல் வேண்டும் என்றால் இரண்டாம் மாதத்தில் அவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். எதைப் போடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தைகளின் முகம், பிறரின் சாட்சியை அவர் அனுமதியின்றிச் சொல்வது, அரசியல், மற்ற மதத்தாரைப் பழிப்பது. மீதியை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

முதல் மாதம் கூகுள் பதிவும் அந்த ஒரு பக்கமும். இரண்டாம் மாதம் வாரம் ஒரு குறுவீடியோ, பதில் எழுத இருவர், வாசலில் நிற்க இருவர். கமிட்டி ஒதுக்கிய பணத்தை அதுவரை தொடவே வேண்டாம். மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, உங்களுக்குத் தெரிந்த ஆனால் சபையில் யாருக்கும் தெரியாத ஒருவரைவிட்டு அந்த எண்ணுக்கு "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மணிக்குள் ஒழுங்கான பதில் வந்தால் விளம்பரத்தைத் தொடங்கலாம்.